தமிழ் எழுத்துருச் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாமினியில் தட்டச்சு செய்த 200 பக்க நூல் ஒன்று கையில் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த மாற்றியில் போட்டு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிட்டன. தமிழிலும் அங்கங்கே ஏதோ உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். சின்ன ஜே என்றால் 'த', பெரிய ஜே என்றால் 'து'. எது உண்மையான ஆங்கிலம், எது தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆகவே மூலக் கோப்புக்கே திரும்பிப் போங்கள். எழுத்துருவின் பெயரைப் பார்த்து, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் மாற்றும் கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் எடுத்துத் தனிப் பட்டியலில் வைத்து, அதன் இடத்தில் 90001, 90002 என்று எண் போடுங்கள். எண்கள் மாற்றத்தில் சிதையாது. மாற்றி முடித்தபின் சொற்களைத் திரும்ப வையுங்கள்.

உறுத்துவது எது என்றும் சொல்கிறேன். பாமினியில் 'ர்' அடிக்கத் துணைக்காலும் புள்ளியும் போடுவதுதான் வழக்கம். 'ரி', 'ரீ' இரண்டுக்கும் அதே துணைக்கால்தான். இதை அறியாத மாற்றி 'அவர்' என்பதை 'அவா்' என்றும், 'ஆசிரியர்' என்பதை 'ஆசிாியா்' என்றும் தரும். கண்ணுக்குச் சரிபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. துணைக்காலுக்குப் பின் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே வராது. அதனால் 'ா்' இருக்கும் இடமெல்லாம் 'ர்', 'ாி' இருக்கும் இடமெல்லாம் 'ரி', 'ாீ' இருக்கும் இடமெல்லாம் 'ரீ' என்று ஒரே வீச்சில் மாற்றலாம், பயமில்லை.

அடுத்தது 'வௌியீடு'. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள'வும் ஒரே விசை. 'வெளி' என்பதை மாற்றும் கருவி 'வௌ' என்று சேர்த்துவிட்டு, அதன்மேல் ஒரு கொக்கியையும் மாட்டிவிடுகிறது. 'ௌி' வந்தால் 'ெளி', 'ௌ்' வந்தால் 'ெள்' என்று மாற்றுங்கள். குறி ஏதும் இல்லாமல் தனியே நிற்கும் 'ௌ'வை மட்டும் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 'வௌவால்' சரியானது, அதைக் கெடுத்துவிடக் கூடாது.

பழைய பாமினிக் கோப்பை வேர்டில் திறந்து திருத்துவதாக இருந்தால், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோ கரெக்ட் வசதியை முதலில் அணையுங்கள். இல்லையென்றால் 'தமிழ்' என்று தொடங்கும் வரி 'துமிழ்' ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் நூலகப் பட்டியலில் 'ஔவையார்' என்று தேடினால் பாதிப் புத்தகங்கள்தான் வருகின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. மீதிப் பாதியில் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சோதிக்க எளிய வழி: எழுத்தை அடுத்துக் கர்சரை நிறுத்தி பேக்ஸ்பேஸை ஒரு தடவை அழுத்துங்கள். 'ஔ' முழுதாகப் போனால் சரி. 'ஒ' மிஞ்சினால் தவறு.

'ஒள' என்பதை மொத்தமாக மாற்றப் போகாதீர்கள். 'ஒளி', 'ஒளிவு' போன்ற சொற்களில் உள்ள 'ள' நிஜமான 'ள'. 'ஒளவை', 'ஒளடதம்', 'ஒளரங்க' என்று சொல்லாகத் தேடித் திருத்துங்கள். இனி அடிக்கும்போது தமிழ்99 விசைப்பலகையில் 'ஔ'வுக்குத் தனி விசை உண்டு, ஆங்கில இசட் இருக்கும் இடம். 'கொ' போன்றவற்றில் இந்தக் கவலை குறைவு. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகக் குறித்திருந்தாலும் யூனிகோட் விதிப்படி அவை ஒன்றுதான். தேடும் மென்பொருள் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 'பெ' என்பது 'ப'வுக்குப் பின்னால் கொம்புடன் வருகிறது. புள்ளிகள் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றன. நான்கு எழுத்துருக்கள் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். கோப்பில் 'ப' முதலிலும் கொம்பு பிறகும்தான் இருக்கும், அதுவே சரி. கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை, இன்டிசைனில் அதைச் செய்வது வரிகளை அமைக்கும் கம்போசர் என்ற பகுதி. பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றுங்கள். பத்தி பத்தியாக மாற்ற வேண்டாம். ஸ்டைலில் மாற்றினால் நூல் முழுவதும் ஒரே தடவையில் சீராகும்.

ஒரு பொதுவான சோதனை: சிக்கலான வரியை உலாவியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் கோப்பு சரி, மென்பொருள்தான் காரணம். அங்கேயும் புள்ளிகளால் ஆன வட்டத்தின் பக்கத்தில் கொம்பு நின்றால் கோப்பிலேயே வரிசை தவறு. வெறும் கட்டமாகத் தெரிந்தால்தான் அந்த எழுத்து எழுத்துருவில் இல்லை என்று பொருள்.

கேள்வி: வேர்டில் ஸ்டைலில் எழுத்தளவை 11 புள்ளி என்று வைத்தாலும் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறதே?

பதில்: தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' வகை, அதாவது எழுத்தும் குறியும் சேர்ந்து வடிவம் மாறும் வகை. ஃபான்ட் பெட்டியில் அதற்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் உண்டு, அங்கே மாற்றுங்கள். லிப்ரே ஆபீசில் இதற்கு சிடிஎல் என்று பெயர்.

கேள்வி: 'ரிக்ஷா' என்று அடித்தால் 'க்ஷ' கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்கிறது. தனித்தனியே வேண்டும்.

பதில்: 'க்'குக்கும் 'ஷா'வுக்கும் நடுவே ஜீரோ விட்த் நான்-ஜாயினர் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை இடுங்கள். அதன் யூனிகோட் எண் 8204. 'ரிக்‌ஷா' என்று பிரிந்து வரும்.

கேள்வி: இணையதளத்துக்காக எழுத்துருக் கோப்பைச் சுருக்கினேன். 'கு', 'மூ' எல்லாம் உடைந்துவிட்டன.

பதில்: யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய முதன்மைப் பகுதியில் 128 இடங்கள், 2944 முதல் 3071 வரை. 'கு'வுக்கு அதில் தனி இடம் கிடையாது. 'க'வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் 'கு' வடிவத்தைப் போடு என்ற விதி எழுத்துருவின் ஜிசப் அட்டவணையில் இருக்கிறது. சுருக்கும் கருவி அதை வெட்டிவிட்டது. இத்தகைய விதிகளான லேஅவுட் ஃபீச்சர் அனைத்தையும் வைத்துக்கொள்ளும்படி அமைத்து மீண்டும் சுருக்குங்கள். புள்ளியைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் ஜிபாஸ் அட்டவணையும் தேவை. எழுத்துகளைப் பிரிக்கும் குறியின் 8204, சேர்க்கும் குறியின் 8205, புள்ளி வட்டத்தின் 9676, ரூபாய்க் குறியின் 8377 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இணைய எழுத்துருவுக்கான டபிள்யூஓஎஃப்எஃப்2 வடிவில் சேமியுங்கள்.

கேள்வி: நூலின் உள்பக்கங்களுக்கு எந்த எழுத்துரு நல்லது? விற்பனைக்குப் போகும் நூல், உரிமச் சிக்கல் வரக்கூடாது.

பதில்: நோட்டோ செரிஃப் தமிழை முதலில் பாருங்கள். மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை எடைகள் உள்ளன. டீரோ தமிழ் எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது, ஆனால் அதில் தடித்த வடிவம் இல்லை. போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டை வீங்க வைக்கும், 'ஐ', 'ஜ', 'ணு' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு அச்சில் மை திட்டாகிவிடும். உள்தலைப்புகள் நிறைய உள்ள நூலென்றால் நோட்டோவே மேல். இரண்டும் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் உள்ளவை. அச்சிடலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம், விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

10.5 புள்ளி எழுத்துக்கு 15.5 புள்ளி வரி இடைவெளியில் தொடங்கி, ஒரு பக்கத்தை நூலுக்கான தாளிலேயே அச்சிட்டுப் பாருங்கள். மேல்வரியின் 'ழு', 'ஞூ' வால்கள் கீழ்வரியின் 'கீ', 'லீ' சுழிகளைத் தொட்டால் அரைப் புள்ளி கூட்டுங்கள்.