ஆளைப் பறந்து அடிக்கும் சேவல்: திருத்தலாமா, கழிக்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். சிறுவிடை நாட்டுக்கோழியில் பெட்டை 14, சேவல் 3 இருக்கின்றன. அதில் பத்து மாதச் சேவல் ஒன்றைக் குஞ்சிலிருந்தே வீட்டுக்குள் தனியாகக் கையில் வைத்து வளர்த்தோம். இரண்டு மாதமாக அது ஆளைக் கண்டால் பறந்து அடிக்கிறது. என்னையும் ஆறு வயது மகளையும் விடுவதே இல்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் போகாது. சீமாற்றால் அடித்துப் பார்த்தோம், இன்னும் மோசமாகிவிட்டது. முந்தாநாள் குழந்தையின் கெண்டைக்காலில் அதன் கால் முள் இறங்கிவிட்டது. பெட்டைகளுக்கும் முதுகில் இறகே இல்லை. நல்ல வளர்த்தியான சேவல் என்பதால் கறிக்குப் போட மனசில்லை. திருத்த வழி உண்டா?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் குழந்தையின் காலைக் கவனியுங்கள். சேவல் முள் குத்திய காயம் வெளியே ஊசிமுனை அளவுதான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். முள்ளில் எச்சமும் மண்ணும் ஒட்டியிருப்பதால் சீக்கிரம் சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பீட்டாடின் வையுங்கள். மஞ்சளைக் குழைத்துக் காயத்தின் வாயை அடைத்துவிட வேண்டாம். ஐந்து வயதில் போட வேண்டிய ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். போட்டிருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தை ஒருமுறை காட்டி, ரணஜன்னி ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் பற்றிப் பயம் வேண்டாம், அது பாலூட்டிகளுக்கு வருவது, கோழியால் பரவாது. சேவல் திருந்துகிறதோ இல்லையோ, ஒரு முடிவு தெரியும்வரை குழந்தையும் சேவலும் ஒரே வாசலில் இருக்கக் கூடாது. குழந்தை வெளியில் இருக்கும் நேரமெல்லாம் சேவல் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும், பஞ்சாரத்தின் மேல் கல் வையுங்கள். இன்று கெண்டைக்காலில் பட்டது நாளை குழந்தை குனிந்திருக்கும்போது கண்ணில் படலாம்.

இனி சேவலுக்கு வருவோம். ஐந்தாறு மாதத்தில் கூவத் தொடங்கும்போதே சேவலுக்கு ஆண் சுரப்பு ஏறத் தொடங்கும். அதிலிருந்து ஒரு வயது வரை முரட்டுத்தனம் உச்சத்தில் இருக்கும். கூட்டத்தோடு வளர்ந்த சேவலை இந்தக் காலத்தில் பெரிய சேவல் கொத்தி அடக்கும், வயதான பெட்டைகளும் அடக்கும். மனிதனிடம் இயல்பான பயமும் அதற்கு இருக்கும். கையில் வளர்ந்த சேவலுக்கு இந்த இரண்டுமே இல்லை. உங்களையும் அது கூட்டத்தில் ஒரு கோழியாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதிலும் போட்டிச் சேவலாக.

இதை நீங்களே நேரில் பார்க்கலாம். புழு கிடைத்தால் நல்ல சேவல் தின்னாது. அலகால் எடுத்து எடுத்துப் போட்டு, ‘கொக் கொக்’ என்று குரல் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிடும். காலையில் கையில் கம்புத் தானியத்தோடு நின்று ‘பா பா பா’ என்று கூப்பிடும்போது நீங்கள் செய்வதும் அதே வேலைதான். பெட்டைகள் சேவலை விட்டுவிட்டு உங்கள் காலடிக்கு ஓடி வருகின்றன. சேவலுக்கு அது பொறுக்காது. தீனி போடும் நேரத்திலும், பெட்டையைப் பிடிக்கும்போது அது கத்தும் நேரத்திலும்தான் பெரும்பாலும் அடி விழுகிறது என்பதை ஒரு வாரம் கவனித்தால் புரியும்.

சீமாற்றால் அடித்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அடித்ததும் சேவல் அதைச் சண்டைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. அடித்துவிட்டு நீங்கள் நகர்ந்து போனால், எதிரி ஓடிவிட்டான், ஜெயித்துவிட்டோம் என்பதுதான் அதற்கு மிஞ்சும் பாடம். அலறி ஓடும் குழந்தை அந்தப் பாடத்தைத் தினமும் உறுதி செய்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் அது போகாததற்குக் காரணம், அவர் பின்வாங்காமல் நேராக நடந்து போகிறவராக இருப்பார். கோழிகளுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். அதனால் அவர் பழக்கிப் பயனில்லை, நீங்களே பழக்க வேண்டும்.

முதல் வேலை முள்ளை மழுக்குவது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு டார்ச்சைத் துணியால் மூடி மங்கலான வெளிச்சத்தில் போனால் சத்தமில்லாமல் பிடித்துவிடலாம். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் வேலையைப் பார்க்கட்டும். முள்ளின் மேலே இருப்பது நகம் போன்ற உறை, உள்ளே எலும்பும் ரத்தக்குழாயும் உண்டு. பத்து மாதச் சேவலில் முள் சின்னதாகத்தான் இருக்கும், ஆகவே நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நகவெட்டியால் எடுத்து, அரத்தால் உருட்டையாகத் தேய்த்துவிடுங்கள். கூர் போனால் போதும், நீளம் குறைய வேண்டியதில்லை. ரத்தம் வந்தால் படிகாரத் தூளை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சூடான உருளைக்கிழங்கைக் குத்தி வைத்து முள் உறையைத் திருகிக் கழற்றும் முறையைச் சிலர் சொல்வார்கள். அது பச்சை எலும்பை வெளியே விட்டுவிடும், சேவல் நாள்கணக்கில் வலியில் கிடக்கும், வேண்டவே வேண்டாம். மூக்கு வெட்டுவதும், அதாவது அலகு நுனியை வெட்டுவதும், மேய்ச்சல் கோழிக்கு ஆகாது, வெட்டினால் பொறுக்கித் தின்ன முடியாமல் இளைத்துவிடும்.

அப்படியே அதன் உடம்பையும் ஒரு பார்வை பாருங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள் இருக்கிறதா, உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருக்கிறதா, அம்மை வந்து ஒரு கண் மங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். வலியில் இருக்கும் சேவலும், ஒரு பக்கம் கண் தெரியாத சேவலும் திடுக்கிட்டு அடிக்கும். அவற்றுக்குப் பழக்கம் கொடுப்பதற்கு முன்னால் வைத்தியம்தான் வேண்டும்.

மறுநாளிலிருந்து பழக்கலாம். முழுக்கால் உடையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையில் மூன்றடிக் குச்சி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் முறமோ வாளி மூடியோ இருக்கட்டும். குச்சி அடிக்க அல்ல, தாழ்த்திப் பிடித்து ஒதுக்க. சேவல் அடிப்பதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் வரும்: பக்கவாட்டில் திரும்பி, ஒரு இறக்கையைத் தரையில் உரசவிட்டு, சின்னச் சின்ன அடி வைத்து அரைவட்டம் போடும். அல்லது கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்தும். அதைக் கண்டதும் நின்றுவிடுங்கள். அதற்கு முகம் காட்டி நிமிர்ந்து நில்லுங்கள். ஓரடிகூடப் பின்னால் வைக்கக் கூடாது. பறந்து வந்தால் முறத்தைக் குறுக்கே பிடியுங்கள், வீச வேண்டாம், அதுவே மோதி விழட்டும். இரண்டு மூன்று முறை வெறும் முறத்தில் மோதிய பிறகு நிற்கும். அது தலையைத் திருப்பும்வரை, அல்லது தரையைக் கொத்தத் தொடங்கும்வரை காத்திருந்து, நீங்கள் மெதுவாக இரண்டடி முன்னால் வையுங்கள். இடத்தைக் காலி செய்வது அதுவாக இருக்க வேண்டும். அது விலகிய பிறகுதான் நீங்கள் உங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், விடாமல் செய்யுங்கள். ஒருநாள் பயந்து ஓடிவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும்.

விடாமல் மோதிக்கொண்டே இருந்தால், துண்டைப் போட்டு மேலிருந்து இரு இறக்கையையும் சேர்த்து அமுக்கித் தூக்குங்கள். அக்குளில் இடுக்கி, இரண்டு காலையும் அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு, முகத்துக்கு எட்டாமல் தலையைப் பின்பக்கம் பார்த்தபடி வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். திமிறல் அடங்கிய பிறகே இறக்கிவிட வேண்டும். திமிறும்போது விட்டால் அதுவும் அதற்கு ஒரு வெற்றி. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது ஊரெல்லாம் செய்வதுதான், ஆனாலும் செய்யாதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, குடல் ஈரலெல்லாம் மூச்சுப் பைகளின் மேல் சரிந்து மூச்சுத் திணறும்.

இந்த நாட்களில் தீனியைக் காலடியில் போடாமல் நாலைந்து அடி தள்ளி, இரண்டு மூன்று இடமாக வீசிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சேவலுக்குக் கையில் ஊட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். பெட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் இரவில் பிடியுங்கள்.

பெட்டைகளின் முதுகு வழுக்கையானதற்கு இந்த ஒரு சேவல் மட்டும் காரணமில்லை. எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. 14 பெட்டைக்கு ஒன்றே போதும், மிஞ்சினால் இரண்டு. மூன்று இருந்தால் ஒன்று இணைசேர மிதித்துவிட்டு இறங்கியதும் அடுத்தது ஏறும், ஒன்றை ஒன்று துரத்தும் கோபத்தில் பெட்டைதான் நசுங்கும். ஒவ்வொரு பெட்டையாக இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். விலாவில் முள் கிழித்த காயம் இறகுக்குள் மறைந்திருக்கும், ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகுதான் நாற்றத்தில் தெரியவரும். காயம் உள்ளதைப் பிரித்து வைத்து, பீட்டாடினால் துடைத்து, காயத்தைச் சுற்றி ஈ அண்டாமல் வேப்பெண்ணெய் தடவுங்கள். தண்டோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கும். பாதியில் முறிந்த இறகு அடுத்த இறகு உதிர்வு வரை அப்படியேதான் இருக்கும், அதற்குச் சத்து மருந்து வாங்கிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆகவே ஒரு சேவலையாவது எப்படியும் கழிக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உயரத்தையும் கொண்டையையும் பார்த்து முரட்டுச் சேவலை வைத்துக்கொள்வார்கள். ஆளை அடிக்கும் குணத்தில் வளர்ப்புக்கும் பங்கு உண்டு, பரம்பரைக்கும் பங்கு உண்டு. கட்டுச்சேவல், அதாவது சண்டைச் சேவல், வளர்க்கிறவர்களிடம் பாருங்கள். நாட்டுக்கோழியில் பெரிய ரகமான பெருவிடைச் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் உயிரை விடும், கையில் எடுத்தால் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். ஆளைக் கொத்துவதைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வந்ததால் வந்த குணம் அது. உங்கள் மற்ற இரண்டில், தீனி கண்டால் பெட்டையைக் கூப்பிடுவது எது, பருந்து நிழல் விழுந்தால் முதலில் குரல் கொடுப்பது எது, பெட்டை கத்தாமல் மிதிப்பது எது என்று பார்த்து அதை வையுங்கள்.

கையில் வளர்ந்த சேவலுக்கு நான்கு வாரம் தவணை கொடுங்கள். வட்டம் போடுவது குறைந்து, உங்களைக் கண்டு தானாக ஒதுங்கினால் உங்களோடு பழகிவிட்டது என்று அர்த்தம். குழந்தையோடு பழகிவிட்டது என்று அர்த்தமல்ல. நான்கு வாரம் கழித்தும் பின்னாலிருந்து வந்து அடித்தால் கறிக்குப் போடுவதே சரி, அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். என் கருத்தில், சின்னக் குழந்தை ஓடியாடும் வீட்டில் திருந்தியது போலத் தெரிந்தாலும் அது இருக்க வேண்டாம். முரடு என்று கேள்விப்பட்டுச் சண்டைக்கு விலை பேசி வருவார்கள், கொடுக்காதீர்கள். சேவலை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பத்து மாதம் தாண்டிய கறி கெட்டியாக இருக்கும், குழம்புக்குக் கூடுதல் நேரம் வேகவிடுங்கள்.

ஒரு சேவலைப் பிரித்து வைத்துப் பழக்கிவிட்டுத் திரும்பக் கூட்டத்தில் விடும்போது, மிஞ்சியிருக்கும் சேவல் அதைப் புதுச் சேவலாக எண்ணி ரத்தம் வரும்வரை அடிக்கும். அதனால் பார்வையில் படும்படி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு இரவில் அடைந்தபின் கூண்டில் விடுங்கள். சேவலை மாற்றினால் முட்டை குறையாது, முட்டையிடச் சேவல் தேவையில்லை. ஆனால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் வரை நிற்கும். முரட்டுச் சேவலின் குஞ்சு வேண்டாம் என்றால், அதைக் கழித்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு இடும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடுவதை அடைக்கு வையுங்கள்.