‘என்ன புத்தகம் வேணும்?’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பெரும்பாலும் முதல் தலைமுறை மாணவர்கள். நூலக வாசல்வரை வந்து தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் அறிமுக வகுப்பு வைக்கலாமா? இவர்களுக்கு எப்படித் தன்னம்பிக்கை ஊட்டுவது? செல்பேசிதான் காரணமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

செல்பேசியை விடுங்கள். அது இல்லாத காலத்தில் வாசலோடு திரும்பியவன் நான்.

முதலாண்டு. பையை வெளியே வைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனேன். குறுக்கே மேசை, அதற்குப் பின்னால் பூட்டிய கண்ணாடி பீரோக்கள். “என்ன புத்தகம் வேணும், எழுதிக் குடு” என்று துண்டுச் சீட்டைத் தள்ளினார்கள். எனக்கு ஒரு புத்தகத்தின் பெயரும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே போனேன்! “கணக்குப் புத்தகம் சார்.” “எந்தக் கணக்கு?” வரிசையில் நின்ற சீனியர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒன்றரை வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

தன்னம்பிக்கை என்ன டானிக்கா, ஊட்டுவதற்கு? பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள் முதலில்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். கணித ஆசிரியராக இருந்தவர், நூலகர் வேலையின் தனிமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், வாசகர்களை அடுக்குகளுக்கு நடுவே உலவவிட்டார். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்பதுதான். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறோம்.

நூலகரைத் திட்டிப் பயனில்லை. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் தன் சம்பளத்தில் கைவைப்பார்களோ என்ற பயம் அவருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகளே, ஆயிரம் நூல் புழங்கினால் ஐந்து தொலைவதை இயல்பென்று ஏற்கின்றன, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவரை. அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் முதல்வரிடம் பேசுங்கள். மாணவனிடம் பேசுவதைவிட அது கஷ்டம், தெரியும்.

அறிமுக வகுப்பு வேண்டாம். பத்துப் பேரைக் கூட்டிப்போய் வேதியியல் நூல்கள் இருக்கும் 540 எண் அடுக்கின் முன்னால் விட்டுவிட்டு நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். ஆள் அனுப்பிப் புத்தகம் எடுக்கும் பேராசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

என்னைத் திரும்ப உள்ளே விட்டவர் நூலக உதவியாளர் ஒருவர். மதியம், ஒரு பீரோவைத் திறந்து, “ரெண்டு மணிக்குள்ள பாத்துக்க தம்பி” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தார். நான் எடுத்த முதல் புத்தகத்தில், இரவல் தேதி குத்தும் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை.