கோரை பிடித்த கொல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி:

"அக்கா, எங்கள் வாப்பா இருந்தவரை கத்தரி, கொத்தவரை, மிளகாய் என்று விளைந்த 12 சென்ட் கொல்லை. அவர் மவுத்தான பிறகு யாரும் கை வைக்கவில்லை. இப்போது நடுவில் முழுக்கக் கோரை, கிணற்றடியில் அருகம்புல், வேலியோரம் சீமைக்கருவேல். போன ஆவணியில் டிராக்டர் கூப்பிட்டு ரோட்டாவேட்டர் ஓட்டினோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மழை விழுந்ததும் முன்பைவிட நெருக்கமாக முளைத்துவிட்டது. எல்லாரும் மருந்து அடி என்கிறார்கள். வாப்பா ஒரு நாளும் அந்தக் கொல்லையில் மருந்து அடித்ததில்லை. வேறு வழி இருக்கிறதா?"

இருக்கிறது, தங்கச்சி. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பொறுமையாக வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாசியில் கேட்டிருக்கிறீர்கள். இதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் ரோட்டாவேட்டர் ஏன் கெடுத்தது என்று பார்ப்போம். கொல்லையில் ஒரு கோரைச் செடியை மட்டும், கையால் இழுக்காமல், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். அடியில் சின்ன வெங்காயம் அளவுக்குக் குறைவாக ஒரு தடிப்பு. அதிலிருந்து கம்பி போலப் பழுப்பு நிறத்தில் ஒரு வேர்த்தண்டு ஓடும். அதன் முனையில் கறுப்பாக, மேலே நார் படிந்த ஒரு கிழங்கு. அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு வேர்த்தண்டு, இன்னொரு கிழங்கு. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், ஒரு வாசம் வரும். குளியல் பொடி அரைக்கக் கஸ்தூரி மஞ்சளோடும் பூலாங்கிழங்கோடும் நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே கோரைக்கிழங்கு வாசம்.

இந்தச் சரம் அறுபடாமல் இருக்கும்வரை, முளைத்து நிற்கிற கிழங்கு மற்ற கிழங்குகளைத் தூங்க வைத்திருக்கும். ரோட்டாவேட்டர் கத்தி சரத்தைத் துண்டு துண்டாக்கியது. தூங்கியதெல்லாம் தனித்தனியாக விழித்துக்கொண்டது. அருகும் அப்படித்தான். வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் ஈரம் கண்டால் ஒரு புது அருகு. அதிலும் ஆவணியில் ஓட்டிவிட்டு, பின்னாலேயே மழையையும் கொடுத்துவிட்டீர்கள். டிராக்டர்காரரைக் குறை சொல்ல வேண்டாம். கேட்ட வேலையை அவர் செய்தார். அடுத்த முறை ரோட்டாவேட்டர் வேண்டாம், ஐந்து கொத்துக் கலப்பை போதும் என்று சொல்லிவிடுங்கள். அது கிழங்கை நறுக்காமல் கிளறி மேலே கொண்டுவரும்.

நறுக்கினாலும் மிதித்தாலும் அசராத கோரைக்கிழங்குக்குக் காய்ச்சல் மட்டும் ஆகாது. மண்ணுக்குள் துளி ஈரம் இருந்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதே கிழங்கு மேலே வந்து வெயிலில் சில நாள் கிடந்து சுக்காகிவிட்டால் அப்புறம் முளைக்காது. நம் கடற்கரை மணல் பங்குனி, சித்திரையில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். களிமண்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னவர்கள் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது இது. பங்குனி பிறந்ததும் கொல்லைக்குப் போகிற தண்ணீரை முழுதாக நிறுத்துங்கள். கிணற்றடியில் குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீர் கொல்லைக்குள் வழிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் அருகு கிணற்றடியில் செழித்திருப்பதைப் பார்த்தால் வழிகிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அதை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள்.

பிறகு மண் நன்றாக உலர்ந்ததும் கிளறுங்கள். பெரும்பாலான கிழங்கு மேல் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கும். மணலில் கொஞ்சம் கீழேயும் போகும். கட்டி உடைக்க வேண்டாம், பரம்படிக்க வேண்டாம், புரட்டிப்போட்டபடி விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி கிளறுங்கள். முதல் தடவை அடியில் தப்பியது இப்போது மேலே வரும். சித்திரை முடிய இப்படியே. நடுவே நாலைந்து கிழங்கைப் பொறுக்கி நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையும் பசையும் இருந்தால் உயிர் இருக்கிறது. சுருங்கி, உள்ளேயும் கறுத்து, நகம் இறங்காமல் இருந்தால் அதன் கதை முடிந்தது. அருகின் வேர்த்தண்டுகளைக் கையோடு வாரி வெளியே எடுத்துவிடுங்கள். அவற்றை வெயிலை மட்டும் நம்பி விட்டுவைக்க எனக்கு மனசு வராது.

நடுவில் கோடை மழை ஒன்று விழலாம். பதற வேண்டாம். மிச்சக் கிழங்கெல்லாம் முளைத்துத் தலை காட்டும். கொஞ்சம் வளரட்டும், நாலு இலை வந்ததும் களைக்கொத்தால் அடியோடு கொத்திவிடுங்கள். கோரை முளைத்து மூன்று வாரத்துக்கு மேல் இலையோடு நிற்கக் கூடாது, இதை மட்டும் மனசில் வையுங்கள். அதற்குப் பிறகு அது கீழே புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். அதற்கு முன் கொத்தினால் பழைய கிழங்கு தன் சேமிப்பிலிருந்துதான் அடுத்த முளையை விட வேண்டும். ஒரு கிழங்கில் பல முளை உண்டு. அதனால் மறுபடி வரும், கொஞ்சம் மெலிந்து வரும். மறுபடி கொத்துங்கள். கூலிக்கு ஆள் வைத்தால் அரிவாளால் மேலாக அறுக்கவோ கையால் இழுக்கவோ விடாதீர்கள். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே சிரமமில்லாமல் இருக்கும்.

12 சென்டையும் ஒரே கோடையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வேலையோடு ஒரு ஆளால் முடிகிற காரியமில்லை. பாதியில் விட்டால் அலுப்புதான் மிஞ்சும், பட்ட பாடும் வீணாகும். கிணற்றுக்குப் பக்கத்தில் மூன்று, நாலு சென்ட்டைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் பூ வைக்கும் முன் அறுத்து ஆட்டுக்குப் போட்டால் போதும்.

சுத்தம் செய்த மூன்று சென்ட்டில் புரட்டாசியில் ஒரு கிலோ சணப்பு விதை தூவுங்கள். பசுந்தாள் உரத்துக்குப் போடுவதைவிட இது நெருக்கம்தான், வேண்டுமென்றே சொல்கிறேன். கோரையும் அருகும் வெயில் குடித்து வளர்கிற ஜாதி. நிழல் விழுந்தால் படுத்துவிடும். ஐப்பசி மழையில் சணப்பு ஆள் உயரம் போகும், அடியில் இருட்டு கட்டும். பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி மண்ணில் சேர்த்துவிடுங்கள். ஆடு மேய்கிற இடமாக இருந்தால் கொழிஞ்சி போடலாம், ஆடு கடிக்காது. ஆனால் ஆரம்பத்தில் மெதுவாக வளரும், கோரையை முந்தச் சணப்பு அளவுக்கு வேகம் போதாது. தையில் முதல் பயிராகச் சீனிக்கிழங்குக் கொடி நடுங்கள், அல்லது பூசணி, தட்டைப்பயறு. தரையை மூடுகிற பயிர் எதுவானாலும் சரி. வெங்காயமும் கொத்தமல்லியும் முதல் வருஷம் வேண்டாம். அவற்றின் நிழல் போதாது, கோரை ஜெயித்துவிடும். வாப்பா போட்ட கத்தரிக்கு அடுத்த வருஷம் இடம் தயாராக இருக்கும்.

வேலியோரக் கருவேலுக்கு வேறு பருவம். அதை மழைக்குப் பிறகு, மண் இளகி இருக்கும்போது தொடுங்கள். தரையோடு வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். துளிர்க்கிற கண்கள் தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கின்றன. கடப்பாரை போட்டு ஒரு முழம் ஆழத்துக்கு அந்தக் கட்டையோடு பெயர்த்துவிட்டால், கீழே மிச்சமிருக்கிற ஆணிவேர் திரும்ப வராது. பெரிய மரமாக இருந்தால் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சொல்லுங்கள். விறகு அவர்களுக்கு, தூரைத் தோண்டி எடுப்பதும் அவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்:

"கோரைக்குக் கல் உப்பு கொட்டினால் அடியோடு போகும் என்கிறார்களே? மூட்டை மலிவாகக் கிடைக்கிறது."

ஐயா, தயவுசெய்து வேண்டாம். தீவில் இருக்கிறீர்கள். உங்கள் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் என்பது மழையால் சேர்ந்து, உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய அடுக்கு. மணலில் கொட்டுகிற உப்பு அடுத்த மழையில் நேராக அங்கேதான் இறங்கும். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் வெளியூர்களுக்குப் போகின்றன. உங்கள் கொல்லைக் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் ஒரே ஊற்று. இன்னொன்று, உப்பு முதலில் கொல்வது கோரையை இல்லை. அவரையும் மிளகாயும்தான் முதலில் கருகும். கோரையைச் சாகடிக்கிற அளவு உப்பு போட்டால் அந்த இடத்தில் பல வருஷத்துக்குக் காய்கறி என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதே பதில்தான்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி:

"கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் களை சாகும் என்று வாங்கிப் போட்டேன். கோரை அதைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிட்டது!"

வரும். கோரை முளை ஊசி முனையோடு வருவது, மல்ச்சிங் ஷீட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அருகுக்குக் கறுப்பு விரிப்பு நல்ல வழி. ஆனால் தடித்த தார்ப்பாயாக இருக்க வேண்டும், பாத்தியைத் தாண்டி இரண்டு முழமாவது வெளியே நீள வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெளிச்சம் கண்டு அங்கிருந்தே உள்ளே திரும்பும்.

கோரைக்குக் கண்ணாடி போன்ற தெளிவான ஷீட் ஓரளவு வேலை செய்யும். வெளிச்சம் கிடைப்பதால் முளை அடியிலேயே இலையை விரித்துவிடும். விரிந்த இலையால் ஷீட்டைக் குத்த முடியாது, சூட்டில் வெந்துபோகும். மண்ணை நனைத்து, ஷீட்டைத் தரையோடு ஒட்டி இழுத்து, சித்திரை வைகாசி வெயிலில் ஆறு வாரம் விடுங்கள். ஆழத்தில் இருக்கிற கிழங்கு தப்பும், அதைக் களைக்கொத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஷீட் விரிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு ஓரத்தையும் வாய்க்கால் வெட்டி மண்ணில் புதையுங்கள், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலப்பதற்கு முன் சுருட்டி எடுத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் கிழிந்து பறக்கிற பிளாஸ்டிக் நம் பக்கத்தில் கடலுக்குத்தான் போகிறது. கரைவலையில் மீனோடு அதுவும் வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பனை ஓலை கிடைத்தால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு போட்டு, மேலே தென்னை மட்டையைப் பாரமாக வையுங்கள். அருகு அதற்கே அடங்கும். ஓலை பறந்தாலும் யாருக்கும் கேடில்லை.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்:

"இவ்வளவு பாடு எதற்கு? கிளைபோசேட் களைக்கொல்லி ஒரு தடவை அடித்தால் முடிந்ததே!"

ஒரு தடவையில் முடியாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த மருந்து பச்சை இலை வழியாக உள்ளே போய், அந்த இலையோடு தொடர்பில் இருக்கிற கிழங்குக்கு இறங்கும். தூங்குகிற கிழங்குக்கு இலை ஏது? அடித்தவர்கள் அடுத்த மழையில் மறுபடி அடிக்கிறார்கள். காய்கறிக்கு என்று பதிவான மருந்தும் இல்லை அது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று அறிவிக்கை விட்டது. கோரையைக் கொல்ல நல்லது என்று 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியைக் கடையில் எடுத்துக் கொடுத்தால் இன்னும் கவனம். நம் காற்றில் அது பக்கத்துக் கொல்லைக்குப் போனால் தக்காளியும் கத்தரியும் பருத்தியும் முறுக்கிக்கொள்ளும். வயல் வேறு, வீட்டுக்கு இரவு கறி பறிக்கிற கொல்லை வேறு. அங்கே நான் அடிக்க மாட்டேன், அடிக்கச் சொல்லவும் மாட்டேன்.

சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர்:

"மிளகாய்க் காட்டில் ஆட்டுக் கிடை போட்டோம். மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் கருவேல் கன்று. கிடையால்தானா?"

கிடையால்தான். கோடையில் ஆட்டுக்குக் கருவேல் நெற்று நல்ல தீனி. விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கிறது. அதற்காகக் கிடையை விட்டுவிடாதீர்கள், அந்த உரத்துக்கு ஈடு இல்லை. முதல் மழை முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நடை நடந்து, கன்று விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். அப்போது இரண்டு விரலுக்கே வேரோடு வரும். முள் முற்றிய பிறகு கடப்பாரை தேடுவீர்கள். எருவாக வாங்கினால் குவித்து, நனைத்து, இரண்டு மூன்று தடவை புரட்டி மக்க வைத்த பிறகு போடுங்கள். குவியலின் சூட்டில் நிறைய விதை செத்துவிடும்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகி:

"பிடுங்கிய அருகையும் கோரைக்கிழங்கையும் எருக்குழியில் போடலாமா? கிழங்கை விற்க முடியுமா?"

பச்சையாகப் போடாதீர்கள். வீட்டு எருக்குழியில் அவ்வளவு சூடு ஏறாது. அங்கேயே வேர்விட்டு, எருவோடு சேர்ந்து கொல்லைக்குத் திரும்பி வரும். மொட்டை மாடியிலோ சிமென்ட் தளத்திலோ பரப்பி, மண்ணை உதறி, மொறமொறவென்று ஆகும்வரை காயவிடுங்கள். அருகை ஆடு வைத்திருக்கிறவர்கள் பச்சையாகவே கேட்டு வாங்கிப் போவார்கள். கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் எடுப்பார்கள். கழுவி, நார் பொசுக்கி, நன்றாகக் காய்ந்ததாகக் கேட்பார்கள். பறிக்கும் முன் கடையில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். களையெடுக்கிற கூலிக்கு அது கட்டாது. வீட்டுக் குளியல் பொடிக்கு ஒரு டப்பா எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.