துடைப்பமும் எரிச்சலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவது, பெருக்குவது, கழிவறை கழுவுவது எல்லாம் நான்தான். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். போன மாதம் ஆண்டுவிழாவில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி சொன்னார்கள். என் பெயர் வரவில்லை. அன்றிலிருந்து துடைப்பத்தைத் தொட்டாலே எரிச்சல். இப்போது கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள். மறுத்துவிடுவதுதானே தாழ்மை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எரிச்சல் வந்துவிட்டது என்பதற்காக உங்களைப் பெருமைக்காரர் என்று தீர்த்துவிடாதீர்கள். மாற்றாள் இல்லாமல் மூன்று வருடம் ஒரே வேலை செய்தால் களைப்பே பாதி எரிச்சலாக வெளிவரும்.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற மடத்துத் தலைவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குகளில் 35-ஆம் அதிகாரம் சமையலறைப் பணியைப் பற்றியது. சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வாரமுறை வைத்துப் பணிவிடை செய்ய வேண்டும். நோயாளிக்கும் முக்கியமான வேறு வேலையில் இருப்பவருக்கும்தான் விலக்கு. பலவீனருக்குத் துணையாள் உண்டு. சனிக்கிழமை, முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் பண்டகப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். முறை முடிப்பவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, பணிவிடை செய்பவர்களுக்கு வழக்கமான அளவுக்கு மேல் கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுத்துவிட வேண்டும், முறுமுறுக்காமல் பரிமாறுவதற்காக! பசித்த வயிறு முறுமுறுக்கும் என்று தெரிந்த மனிதர் எழுதிய விதி.

உங்கள் ஏற்பாட்டில் இதெல்லாம் இல்லை. முறை கிடையாது, முடிவுநாள் கிடையாது, பொருளை எண்ணி வாங்க ஆள் கிடையாது. குறைந்தது நான்கு பேருக்கு வாரமுறை போடச் சொல்லுங்கள். முறை மாறும்போது துடைப்பம், வாளி, சாவி எல்லாம் கைமாறட்டும்.

அடுத்தவர் நாற்காலியை வேறு மாதிரி அடுக்குவார். அதைப் பார்த்து உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால், களைப்பு போக மீதி எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியும். உதவ வருகிறவரை “நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்புகிற பழக்கம் உண்டா என்றும் பாருங்கள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்று பேதுரு சொன்னது பணிவாகத்தான் கேட்கிறது. இயேசு அதை ஏற்கவில்லை. பணிவிடையை வாங்கிக்கொள்ள மறுப்பதும் மேட்டிமைதான்.

நமக்கு ஒரு சொல்லும் இடறலாக இருக்கிறது. மாற்கு 10:44-இல் முதன்மையாயிருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ‘ஊழியக்காரனாக’ இருக்க வேண்டும் என்று பழைய தமிழ் வேதாகமத்தில் வாசிக்கிறோம். அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் டூலொஸ், அதாவது அடிமை. பிலிப்பியர் 2:7-இல் கிறிஸ்து ‘அடிமையின்’ ரூபமெடுத்தார் என்கிற இடத்திலும் அதே சொல்தான். ஆனால் ‘ஊழியக்காரர்’ நம் வாயில் பட்டப்பெயராகிவிட்டது. ஊழியக்காரர் வந்தால் முன்வரிசை நாற்காலியும் மாலையும் காத்திருக்கின்றன. மேடைக்காரரை ஊழியக்காரர் என்றும், பெருக்குகிறவரை வெறும் உதவி என்றும் சொல்லிப் பழகிய சபையில் உங்கள் பெயர் விட்டுப்போனதில் ஆச்சரியமில்லை.

இனி கமிட்டி. சீடர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டபோது, பெரியவனாகும் ஆசையை அவர் கண்டிக்கவில்லை. அதற்குப் போகும் வழியைத்தான் மாற்றிவிட்டார். கால் கழுவி முடித்தபிறகும், ‘போதகர், ஆண்டவர் என்கிறீர்கள், அது சரிதான்’ என்றே சொன்னார் (யோவான் 13:13). தம் அதிகாரத்தை அவர் மறைக்கவே இல்லை. எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தவர் தாம் யாரென்று நன்றாக அறிந்தே செய்தார். ஆகவே, உங்களால் முடிகிற வேலையை முடியாது என்று சொல்வது தாழ்மையில் சேராது. கணக்குப் பார்க்கவோ கூட்டம் நடத்தவோ உங்களுக்குத் தெரியும் என்றால் சேருங்கள். தெரியாவிட்டால் அதைச் சொல்லி மறுங்கள், போதும்.

சேர்ந்தால், முறைப்பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்க விடாதீர்கள். மற்ற உறுப்பினர்களின் பெயரையும் அதில் சேர்க்கும்படி முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கழிவறை வாரத்துக்கு முதல் பெயர் யாருடையது என்பதில்தான் கொஞ்சம் பேச்சு நீளும்.