வடிகால் வேலை 92 சதவீதம் முடிந்தது என்கிறார்கள், தண்ணீர் போகவில்லை: எந்தக் காகிதத்தைக் கேட்பது?

கேள்வி: சென்னை மாதவரம் மண்டலத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை தொடங்கி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கூட்டத்தில் கேட்டால் "92 சதவீதம் முடிந்தது" என்கிறார்கள். ஆனால் வடிகால் மெயின் ரோட்டுக்கு 30 மீட்டர் முன்னாலேயே நிற்கிறது, கொசுதான் வளர்கிறது. ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் ஆர்.டி.ஐ. போட்டு எல்லா ஆவணமும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? வேலை உண்மையில் எந்த அளவில் இருக்கிறது என்று நாங்களே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

தமிழ்நாட்டில் தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இதற்கு எதற்கு 5,000?

இந்த ஆட்களை நகராட்சிப் பொறியியல் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் வாங்கியது போதாதென்று தெருவில் வீட்டுக்கு வீடு வசூல் செய்வார்கள். மனுவைத் தங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்வார்கள். பதில் வந்ததும் அது உங்கள் கைக்கு வராது, ஒப்பந்ததாரரிடம் போகும். அங்கே பேரம் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, விஷயம் அப்படியே அடங்கிவிடும். உங்கள் தெருவின் தண்ணீர்க் கஷ்டம் இன்னொருவருக்கு முதலாகிவிடுகிறது. "ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கிறது, நகல் எடுத்து வருகிறேன்" என்பவர்களும் உண்டு. சான்றொப்பம் இல்லாத அந்த ஜெராக்ஸை நாளைக்கு எங்கேயும் காட்ட முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் யாருக்கும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மனு உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில், உங்கள் முகவரியோடு போகட்டும். சங்கத்தின் பெயரிலும் வேண்டாம், அதைச் சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

சரி, இப்போது அந்த 92 சதவீதம். எதில் 92 என்று யாராவது சொன்னார்களா? மண்டலம் முழுக்கப் போட வேண்டிய நீளத்திலா, உங்கள் தெருவின் நீளத்திலா, செலவான பணத்திலா? மூன்றும் வேறு வேறு. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் வடிகாலில் 470 மீட்டர் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் கணக்கில் 94 சதவீதம், ஆனால் அதன் வழியாக வெளியேறும் தண்ணீர் பூஜ்யம். மண் தோண்டுவதும் கான்கிரீட் போடுவதும்தான் பெரிய செலவு, அதற்கான பில் முதலிலேயே பாஸ் ஆகிவிடும். கடைசி இணைப்பு, வண்டல் பிடிக்கும் தொட்டி, மேல்மூடி எல்லாம் தொகையில் சின்னவை. அதனால்தான் அவை கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு துறையின் இலக்கைக் கிலோமீட்டரில் மட்டும் வைத்தால் கிலோமீட்டர்தான் வரும், தண்ணீர் வடியாது. இதை எத்தனை ஆய்வுக் கூட்டத்தில் சொன்னாலும் அடுத்த மாத அறிக்கையிலும் அதே கிலோமீட்டர்தான் வந்து நிற்கும். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள், எம்-புக்கைக் கேளுங்கள். அளவுப் புத்தகம் என்று எழுதினாலும் புரியும். உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, நீளம் அகலம் ஆழம் எவ்வளவு என்று அதில்தான் பதிவார். மேலே இருப்பவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். கூட்டத்தில் யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எம்-புக்கில் எழுதினால் அதற்குக் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. அதில் 500 மீட்டர் என்று இருந்து தெருவில் 470 மீட்டர்தான் இருந்தால், அப்புறம் நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

மனுவில் "ஏன் முடியவில்லை", "எப்போது முடியும்" என்று எழுதினால் கருத்து கேட்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இந்தத் தெருவின் வடிகால் பணிக்கான பணி ஆணை, அதிலுள்ள முடிக்க வேண்டிய தேதி, கால நீட்டிப்பு கொடுத்திருந்தால் அந்த உத்தரவு, எம்-புக் பக்கங்கள், இதுவரை வழங்கிய பில்கள், வடிகால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று காட்டும் மட்ட வரைபடம். இவ்வளவு போதும். இருபது கேள்வி போட்டால் இருபதுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும். பணியின் பெயரும் டெண்டர் எண்ணும் தெரிந்தால் தப்பிக்க வழி குறையும், தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் பணம் கட்டாமலே தேடலாம். மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணில் கொடுத்த புகார் முடித்து வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தால் அதைச் சேமித்து வையுங்கள். அது வேலை முடிந்ததற்குச் சான்று அல்ல, ஆனால் யார் எந்தத் தேதியில் முடிந்ததாகச் சொன்னார்கள் என்பதற்குச் சான்று.

உங்கள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். வடிகால் மெயின் ரோட்டுக்கு 30 மீட்டர் முன்னால் நிற்கிறது என்கிறீர்கள். அந்த மெயின் ரோடு யாருடையது? மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. பஸ் போகிற சாலைகள் பலவற்றையும் மாநகராட்சியே, தனிப் பிரிவு வைத்துப் பார்க்கிறது. ஆனால் நகருக்குள் நெடுஞ்சாலைத் துறையின் கையில் உள்ள சாலைகளும் உண்டு. அப்படி ஒன்றாக இருந்தால் குறுக்கே சிறுபாலம் போட அவர்கள் அனுமதி தர வேண்டும், அல்லது அவர்களே போட வேண்டும். நடுவில் குடிநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ குறுக்கிட்டால் அது குடிநீர் வாரியம். கேபிள் என்றால் மின்வாரியம். எல்லாம் தாண்டிப் போய்ச் சேருகிற இடம் கொசஸ்தலை ஆறோ பக்கிங்காம் கால்வாயோ என்றால் நீர்வளத் துறை. மாநகராட்சி தன் கணக்கில் "எங்கள் பகுதி முடிந்தது" என்று எழுதுவது பொய்யாகக்கூட இருக்காது, அந்தத் தாளில் அது நிஜம்தான். நீங்கள் தவறான அலுவலகத்தில் ஒரு வருஷம் அலைவது அதனால்தான். ஆகவே மனுவில் ஒரு வரி சேருங்கள்: "இவ்வடிகாலை இணைப்பது தொடர்பாகப் பிற துறைகளுடன் நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல்கள்." கடிதம் இருந்தால் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். கடிதமே இல்லை என்று பதில் வந்தால் அனுமதி கேட்கவே இல்லை என்று அர்த்தம், அது இன்னும் பெரிய விஷயம். தகவல் வேறு துறையிடம் இருந்தால் மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. "எங்களிடம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பகுதியில் கொசஸ்தலை வடிநிலத் திட்டத்தில் வடிகால் கட்டுகிறார்கள். அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021 இறுதியில் 251 மில்லியன் டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது, 588 கிலோமீட்டர் புதிய வடிகால் அதில் அடக்கம். கடன் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் கண்காணிப்பு அறிக்கைகள் அந்த வங்கியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. நம் ஊர் வடிகாலின் கதையைத் தெரிந்துகொள்ள மணிலாவில் இருக்கும் வங்கியின் பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது வருத்தம்தான். இருந்தாலும் போய்ப் பாருங்கள், உங்கள் தெரு எந்த பேக்கேஜில், அதாவது எந்த ஒப்பந்தத் தொகுப்பில், வருகிறது என்பது பணி ஆணையில் இருக்கும்.

30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் முறை வருவதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடலாம், அதனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அதைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. இந்தச் சட்டத்தில் காகிதத்தை மட்டுமல்ல, வேலையையே நேரில் ஆய்வு செய்யவும் உரிமை உண்டு, பொருள்களின் மாதிரி கேட்கவும் உண்டு. அதே மனுவில் "மேற்படி பணியையும் அதன் எம்-புக்கையும் நேரில் ஆய்வு செய்ய நாள் ஒதுக்கவும்" என்று எழுதுங்கள். ஜூலைக்குள் போட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பார்த்துவிடலாம். போகிற அன்று நீளமான டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தெருவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள், எம்-புக்கில் எழுதியிருக்கும் தொடக்க இடத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். அந்த 30 மீட்டர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று உதவிப் பொறியாளரையே காட்டச் சொல்லுங்கள்.