நுரையீரலில் நீர் சேர்ந்தால் முதுகு வலிக்குமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அப்பாவுக்கு 61 வயது. சில வாரங்களாக வலப்பக்க முதுகில் வலி. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். இருமல் நிற்காததால் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் நீர் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இப்போது வலி குறைந்துவிட்டதே, ஊசி போட்டு நீரை எடுக்கத்தான் வேண்டுமா?

தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். மருந்து வேலை செய்தாலும் வலி குறையும், நீர் கூடினாலும் வலி குறையும். உங்கள் அப்பாவுக்கு இன்னும் மருந்தே தொடங்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். நெஞ்சிலிருந்து எடுத்த நீர் குப்பியில் வந்து சேருவது எங்கள் மேசைக்குத்தான். போதாததற்கு எங்கள் மாமாவுக்கும் இதே கதை நடந்தது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நுரையீரலுக்கு வலி தெரியாது. உள்ளே கட்டியே இருந்தாலும், அது ஓரத்தைத் தொடும் வரை ஆள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருக்க முடியும். வலியை உணர்வது அதைச் சுற்றியுள்ள உறை. புளூரா என்பார்கள். அது இரண்டு அடுக்கு. உள் அடுக்கு நுரையீரலோடு ஒட்டியிருக்கும், அதற்கு வலி நரம்பு கிடையாது. வெளி அடுக்கு விலா எலும்புகளின் உட்புறம் முழுக்கப் படர்ந்திருக்கும், வலியெல்லாம் அங்கேதான். அந்த நரம்புகள் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, விலா எலும்புகளுக்கு இடையே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருபவை. அதனால் பின்பக்கம் அழற்சி வந்தால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும், பக்கவாட்டில் வந்தால் விலாவில் குத்தும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அங்கே அழற்சி என்றால் தோளில் வலிக்கும், தோளில் ஒரு குறையும் இருக்காது.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் எல்லோருக்கும் கொஞ்சம் நீர் உண்டு, 10 முதல் 20 மில்லி வரை. மூச்சு விடும்போது உராயாமல் வழுக்கிக்கொண்டு போக அதுதான் உதவுகிறது. நோய் வந்து அடுக்குகள் சொரசொரப்பானால், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றோடொன்று உரசும். இழுத்து மூச்சு விட்டால், இருமினால், தும்மினால் சுருக்கென்று குத்தும். அப்புறம் நீர் ஊறி ஊறிச் சேர்கிறது. சேர்ந்ததும் அடுக்குகள் விலகிவிடுகின்றன, உரசல் நிற்கிறது, வலியும் அடங்குகிறது. ஆனால் அந்த நீர் நுரையீரலைக் கீழிருந்து அமுக்கிக்கொண்டிருக்கும். ஆக, வலி போகிற நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்பாவிடம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கிறாரா, முன்பு சாதாரணமாக நடந்த தூரத்துக்கு இப்போது நின்று நின்று போகிறாரா, அதைப் பாருங்கள்.

எங்கள் மாமா பாயின்னாங் சந்தையில் ஓர் உளுந்துக் கிடங்கில் கணக்குப் பார்த்தார். கணக்குப்பிள்ளை என்று பேர்தான், ஆள் குறைந்த நாளில் மூட்டைக்கும் தோள் கொடுப்பார். அதனால் முதுகுவலி என்றதும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூட்டை தூக்கினது, மழையில் நனைந்தது, பஸ்ஸில் நின்றது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியத்தில் ஒரு பர்மாக்கார அம்மாவிடம் போய் உருவி விட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஒருநாள் வலி நின்றேவிட்டது. உருவின கைக்கு நல்ல பேர்.

எங்கள் வீடு காளி கோயில் பக்கம், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது, ரங்கூன் பழைய கட்டடங்களில் எங்கே இருக்கிறது? தெருவில் தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாங்கள் எட்டிப் பார்த்துச் சாவியைக் கயிற்றுக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம். மாமா மணி அடித்துச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் ஆளைக் காணோம். இறங்கிப் போய்ப் பார்த்தால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரில் கையை ஊன்றி நிற்கிறார். "முதுகு சுத்தமா நல்லாயிடுச்சுடா. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது. வயசாகுதில்ல?" என்றார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. ஆள் அவ்வளவு இளைத்திருந்தார். சாயங்காலமானால் மேல் சுடுகிறது என்பதை அத்தை பிறகுதான் சொன்னார்.

அடுத்த நாள் பார்த்த சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எக்ஸ்ரேக்கு அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். முதுகில் இடது கையை விரித்து வைத்து, நடுவிரலின் மேல் வலது கை விரலால் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். மேலே 'டொங் டொங்' என்று கேட்டது, வலப்பக்கம் பாதிக்குக் கீழே வந்ததும் ஓசையே செத்துப்போனது. ஸ்டெதாஸ்கோப்பில் அங்கே மூச்சுச் சத்தமும் இல்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது, வெள்ளையின் மேல்கோடு வளைந்து விலாப்பக்கமாக ஏறியிருந்தது. நின்றபடி எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் நீர் கண்ணுக்குத் தெரிய 200 மில்லி அளவுக்காவது சேர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

நீர் எடுப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, அதன் மேல் கைகளை மடக்கிக் கவிழ்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்கேன் வைத்துப் பார்த்து முதுகில் ஒரு புள்ளி வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதுதான் எரிந்தது என்றார் மாமா. ஊசியை எப்போதும் விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் இறக்குவார்கள், ஏனென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடுகின்றன. டீக்கடைகளில் சும்மா ஊற்றித் தரும் வெறுந்தேயிலைத் தண்ணீர் இருக்கிறதே, அந்த நிறத்தில் நீர் வந்தது. ஒரு லிட்டரைத் தாண்டியதும் மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, சயாமா நிறுத்திவிட்டார். மடங்கிக் கிடந்த நுரையீரல் விரியும்போது இருமல் வருவது சகஜம். ஆனால் ஒரேயடியாக எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் விரிந்த நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம், அது ஆபத்து. அதனால் ஒரு முறைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவார்கள். "மிச்சத்தையும் எடுங்க டாக்டர்" என்று நாம் அவசரப்படக்கூடாது.

அன்று ராத்திரி மாமாவுக்கு மறுபடியும் முதுகு குத்தியது. அத்தை பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். நீர் வடிந்ததும் அடுக்குகள் திரும்ப ஒன்றையொன்று தொடுகின்றன, அதனால் கொஞ்சம் வலிக்கும். மூச்சு எளிதாகி வலி இலேசாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். மூச்சும் திணறி, வலியும் கூடினால் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க உடனே திரும்பிப் போக வேண்டும்.

நீரின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சீழாக வந்தால் ஊசியோடு முடியாது, குழாய் போட்டு வடிக்க வேண்டும். ரத்தம் கலந்து வந்தால் புற்றுநோய், அடிபட்டது, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பல வழியில் யோசிப்பார்கள். பால் வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் நெஞ்சுக்குள் நிணநீர்க் குழாய் எங்கோ கசிகிறது. சில மாதிரிகள் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே குப்பிக்குள் நூல் நூலாக உறைந்துவிடும். அதில் புரதம் அதிகம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதாவது உறையிலேயே நோய் இருக்கிறது. இதயம், கல்லீரல், சிறுநீரகம் பழுதாகிச் சேரும் நீர் பெரும்பாலும் தெளிவாக, தண்ணீராக இருக்கும். அந்த வகையில் வலி குறைவு, பல பேருக்கு வலியே இருக்காது. இதயம் பலவீனமாகி நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்வது இன்னொரு நோய். அதில் படுத்தால் மூச்சு முட்டும், நடுராத்திரியில் எழுந்து உட்காருவார்கள். முதுகுவலி அதன் அடையாளம் இல்லை.

மாமாவுக்கு வந்தது காசநோய். நீரில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தன, ஏடிஏ என்ற நொதி லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டியிருந்தது. கிருமி மட்டும் கண்ணில் படவில்லை. உறைக் காசநோயில் அப்படித்தான், நீரில் கிருமி மிகக் குறைவு. அதனால் "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. சளியையும் கட்டாயம் பார்க்க வேண்டும், அடுத்தவருக்குத் தொற்றுமா என்பது அதைப் பொறுத்ததுதான். உலக சுகாதார நிறுவனம் காசநோய்ச் சுமை மிகுந்தவை என்று பட்டியலிடும் 30 நாடுகளில் பர்மாவும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. மாமாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, சர்க்கரை இருப்பவர்களைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து மிரண்டு நிறுத்தப்பார்த்தார். அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ மட்டும் உடனே சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்காரர் என்றதும் எங்கள் லேபில் இன்னொன்றையும் தேடினோம், மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமியால் வரும் நோய், மழைக்காலத்தில் அதிகம், காசநோய் மாதிரியே வேஷம் போடும். அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே எங்கள் ரங்கூனில்தான். ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து 1912ல் அதைப் பற்றி எழுதினார்கள். பலர் அதை விட்மோர் நோய் என்றே சொல்கிறார்கள். கிருஷ்ணசாமியை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, சரி, அது வேறு பேச்சு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீரும் முதுகுவலியும் ஒரே ஆளிடம் இருந்தால் நீர்தான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. சில நேரம் மூன்றாவதாக ஒன்று இரண்டையும் கொண்டுவந்திருக்கும். முதுகெலும்பில் காசநோய் வந்தால் எலும்பும் வலிக்கும், பக்கத்து உறையிலும் நீர் சேரலாம். புற்றுநோய் எலும்புக்கும் உறைக்கும் பரவினாலும் அப்படியே. கணைய அழற்சியில் வலி வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும், பெரும்பாலும் இடது பக்கம் நீர் சேரும். அதனால் முதுகின் நடு எலும்பைத் தட்டினால் வலிக்கிறதா, ராத்திரி படுத்தாலும் வலி ஓய்வதில்லையா, கால் மரத்துப்போகிறதா அல்லது பலம் குறைகிறதா, சிறுநீர் போவதில் சிக்கலா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சும் முதுகும் திடீரென்று கிழிகிற மாதிரி வலித்தாலோ, ஒரு கால் வீங்கி மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடுப்புப் பக்கம் மட்டும் வலி என்றால் அது பெரும்பாலும் வேறு கணக்கு, உறை அவ்வளவு கீழே இறங்குவதில்லை. விடாத இருமலால் விலாத் தசை பிடித்துக்கொள்வதும் உண்டு, அந்த இடத்தை விரலால் அழுத்தினால் "அங்கதான்" என்பார்.

கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் முதுகுவலி என்றால் மூலைக்கடையிலேயே நான்கைந்து மாத்திரைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலியும் காய்ச்சலும் அடங்கி நோய் உள்ளே வளரும். லெவோஃப்ளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக் காசநோயைப் பாதி அமுக்கிக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

நீரை எடுக்கத்தான் வேண்டுமா என்றால், முதல் முறை, ஒரே பக்கம், காரணம் தெரியாது என்கிற நிலையில் எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். மூச்சு வாங்குவது குறைவது கூடுதல் லாபம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அதுவரை எந்தப் பக்கம் படுக்கலாம் என்று குழப்பம் வரும். நீர் நிறைய இருப்பவர்கள் நீர் உள்ள பக்கமாக ஒருக்களித்தாலோ, தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தாலோதான் பெரும்பாலும் நிம்மதி. அவர் உடம்பு எதைக் கேட்கிறதோ அப்படி விட்டுவிடுங்கள்.

மாமா மருந்தை முடித்துவிட்டார், எடையும் ஏறிவிட்டது. உறை கொஞ்சம் தடித்துப்போனதால் நீளமாக மூச்சு இழுத்தால் முதுகில் இலேசாகப் பிடிக்கிறது என்கிறார், மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

லேப்காரனாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீர் எடுக்கும் அன்றே அப்பாவின் ரத்தத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 1972ல் ரிச்சர்ட் லைட் என்ற மருத்துவர் வகுத்த கணக்குப்படி, நீரில் உள்ள புரதத்தையும் எல்டிஎச் என்ற நொதியையும் ரத்தத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால்தான் நோய் உறையிலா, வேறு உறுப்பிலா என்று பிரிக்க முடியும். நீரை மட்டும் அனுப்பிவிட்டு ரத்தம் எங்கே என்றால் விழிப்பவர்கள் நிறைய. எடுத்த குப்பியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கொண்டுவருகிறவர்களும் உண்டு, அதில் செல்கள் கெட்டிருக்கலாம். எடுத்த கையோடு லேபில் கொடுத்துவிடுங்கள்.