காலில் செல்லுலைட்டிஸ்: யூரியா கரைசலில் கழுவலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் இருக்கிறது. வலது கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயலுக்கு வைத்திருக்கும் யூரியாவைக் கரைத்துக் கழுவினால் கிருமி சாகும், ஆராய்ச்சியே உண்டு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவின் ரத்தத்தில் யூரியா 62 என்று வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஆராய்ச்சி உண்டு என்பது பொய்யில்லை. 1915இல், முதல் உலகப் போர்க் காலத்தில், பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சிம்மர்ஸ், கிர்க் என்ற மருத்துவர்கள் யூரியா கிருமியைக் கொல்லும், புண்ணுக்கு உதவும் என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 1930களில் அமெரிக்காவிலும் சீழ் பிடித்த ஆறாப் புண்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அடர்த்தியான யூரியா புரதத்தைக் குலைக்கும். அதனால் புண்ணின் மேல் செத்துக் கிடக்கும் சதை இளகிக் கழன்று வரும். பென்சிலின் கைக்கு வராத காலத்தில் அது பெரிய விஷயம்தான்.

ஆனால் அதெல்லாம் திறந்த புண். அப்பாவுக்குக் கிருமி இருப்பது தோலுக்கு அடியில். மேலே ஊற்றுவது அங்கே போய்ச் சேராது. போதாததற்கு மூட்டையில் இருப்பது வேப்பெண்ணெய் பூசிய உரம், மருந்தல்ல. யூரியா கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகும், உரம் கரைத்தவர்களுக்குத் தெரியும். சுடுகிற காலில் அது இதமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ரத்த யூரியா வேறு கதை. அது நம் உடம்பே புரதத்திலிருந்து உண்டாக்கிச் சிறுநீரில் கழிப்பது. வழக்கமாக 40க்குள் இருக்கும். காய்ச்சலில் தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலும் ஏறும், சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கட்டும். சிவப்பு கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவினால், தோல் கறுத்தால், கொப்புளம் வந்தால், பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிக அதிகமாக இருந்தால், ஆள் சோர்ந்து பிதற்றினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சதையை அழுக வைக்கும் தொற்றாக இருக்கலாம். அதற்குச் சில மணி நேரம் தாமதித்தாலும் ஆபத்து.

எல்லாம் ஆறிய பிறகு யூரியாவுக்கு வேலை உண்டு. இந்தக் கிருமி பெரும்பாலும் பித்தவெடிப்பு, சேற்றுப்புண் வழியாகத்தான் நுழையும். குதிகால் வறண்டு வெடிக்காமல் இருக்க, மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத யூரியா க்ரீமை இரவில் தடவச் சொல்லுங்கள். அதனால் ரத்த யூரியா ஏறிவிடாது. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் திரும்பவும் சேற்றுப்புண் வரும்.